சூடு மின்சாரமாகும் இடம்

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் போனால், பச்சை இலை தூளாக மாறும் வழியில் கடைசிக் கட்டமாக நிற்பது டிரையர். வாட்டி, சிடிசி உருளைகளில் நறுக்கி, காற்றில் பரப்பிச் செம்பழுப்பு நிறம் ஏறவிட்ட இலை நூற்றுக்கு எழுபது பங்கு ஈரத்தோடு அதற்குள் போகிறது. மூன்று பங்கு ஈரத்தோடு தூளாக வெளியே வருகிறது. விறகு அடுப்பின் சூட்டை வாங்கிய காற்று கீழிருந்து வீசும். அந்தக் காற்றின் வெப்பநிலை குறைந்தால் இலை காயாமல் வெந்துபோகும். கூடினால் தூளில் கருகல் வாடை ஏறும். அதனால்தான் டீ மேக்கரின் கண் அடிக்கடி பலகையில் ஓடும் எண்ணின் பக்கம் போகிறது.

இப்படிப்பட்ட இடங்களில் அந்த எண்ணைத் தருவது பெரும்பாலும் இரண்டு வகை உணர்விகளில் ஒன்று. முதல் வகை, பிடி-100 எனப்படும் மெல்லிய பிளாட்டினக் கம்பி. 0 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை 100 ஓம். 100 டிகிரியில் 138.5 ஓம். தடை எவ்வளவு ஏறியது என்று அளந்தால் வெப்பநிலை தெரிந்துவிடும். இரண்டாவது வகை, தெர்மோகப்பிள். நிக்கல்-குரோமியம் கலவையில் ஒரு கம்பி, நிக்கல்-அலுமினியம் கலவையில் ஒரு கம்பி. இரண்டையும் ஒரு முனையில் பற்றவைத்திருப்பார்கள். பற்றவைத்த முனை 110 டிகிரி காற்றிலும் மறுமுனைகள் 20 டிகிரியிலும் இருந்தால், இரு கம்பிகளுக்கும் இடையே ஏறத்தாழ 3.7 மில்லிவோல்ட் மின்னழுத்தம் தோன்றும். பேட்டரியும் இல்லை, டைனமோவும் இல்லை. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர், அவ்வளவுதான்.

திடப்பொருளுக்குள் எலக்ட்ரான்களுக்கும் அணுக்களின் அதிர்வுகளுக்கும் உள்ள உறவை இந்த இரண்டு கருவிகளும் வெவ்வேறு பக்கத்திலிருந்து காட்டுகின்றன. அந்த உறவு மின்னோட்டத்தைத் தடுக்கிறது. மின்னழுத்தத்தை உண்டாக்கவும் உதவுகிறது. வீணாகப் போகும் சூட்டை மின்சாரமாக்கும் முயற்சி இவ்வளவு காலம் மெதுவாக நகர்ந்ததற்கும், இப்போது புதிய வழி திறப்பதற்கும் காரணம் இந்த உறவுதான்.

அதிர்வின் பொட்டலங்கள்

ஒரு படிகத்தில் அணுக்கள் வரிசையாக, ஒன்றோடொன்று பிணைப்பால் கட்டுண்டு நிற்கின்றன. எந்த அணுவும் தனியாக அசைய முடியாது. ஒன்று அசைந்தால் பக்கத்திலிருப்பதும் அசையும். அசைவு அலையாகப் பரவும். சூடு என்று நாம் தொட்டு உணர்வதில் பெரும்பங்கு இந்த அலைகள்தான். குவாண்டம் இயற்பியலில் இந்த அலைகளின் ஆற்றல் தொடர்ச்சியாகக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஒளிக்கு ஃபோட்டான் இருப்பதுபோல, படிகத்தின் அதிர்வுக்கும் ஒரு பொட்டலம் உண்டு. அதற்கு ஃபோனான் என்று பெயர்.

ஃபோனான்கள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. சிலவற்றின் அலைநீளம் ஓரிரு அணு இடைவெளி அளவே இருக்கும். வேறு சிலவற்றின் அலைநீளம் நூற்றுக்கணக்கான அணுக்களைத் தாண்டும். முட்டி மோதாமல் அவை ஓடும் தூரமும் அப்படியே வேறுபடுகிறது. அறை வெப்பநிலையில் சிலிக்கானில் கடத்தப்படும் வெப்பத்தில் ஏறத்தாழ பாதியைச் சுமப்பவை, ஒரு மைக்ரோமீட்டருக்கும் மேல் தடையின்றி ஓடும் ஃபோனான்கள். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது தெளிவாகும்.

எலக்ட்ரான் எதில் மோதுகிறது?

மின்தடை ஏன் உண்டாகிறது என்று கேட்டால், எலக்ட்ரான்கள் அணுக்களில் முட்டிக்கொள்வதால் என்று பள்ளியில் படித்திருப்போம். 1928இல் ஃபெலிக்ஸ் பிளாக் காட்டியது வேறு. எலக்ட்ரானும் ஓர் அலை. அணுக்கள் பிசகில்லாத வரிசையில் அசையாமல் நின்றால், அந்த அலை சிதறாமல் படிகம் முழுக்கக் கடந்துவிடும். தடை வருவது வரிசை குலையும்போதுதான். வரிசையைக் குலைப்பவை இரண்டு: கலந்திருக்கும் மாசும் குறைகளும் ஒன்று, அணுக்களின் அதிர்வு, அதாவது ஃபோனான்கள், மற்றொன்று. அறை வெப்பநிலையில் தூய செம்பில் ஓர் எலக்ட்ரான் சிதறுமுன் ஏறத்தாழ 40 நானோமீட்டர் ஓடுகிறது. அது நூற்றுக்கும் மேற்பட்ட அணு இடைவெளிகள். எதிர்ப்படும் அணுவில் எல்லாம் முட்டினால் அவ்வளவு தூரம் போகவே முடியாது. சூடு ஏற ஏற ஃபோனான்கள் பெருகுகின்றன; சிதறலும் பெருகுகிறது. பிளாட்டினக் கம்பியின் 100 ஓம் 138.5 ஆவது இதனால்தான்.

இந்தச் சிதறலை ஆழமாக யோசித்தவர்களில் நம் மண்ணைச் சேர்ந்த ஒருவர் உண்டு. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், சி. வி. ராமனோடு ஒளிச்சிதறல் ஆய்வில் உழைத்தவர். பின்னாளில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். அலகாபாத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1940களில், ஏ. பி. பாட்டியாவோடு சேர்ந்து உலோகங்களின் மின்தடையை ஆராய்ந்தார். அவர்கள் எடுத்த கோணம் அழகானது. எக்ஸ் கதிர் ஓர் உலோகத்தில் சிதறுவதும், உள்ளே ஓடும் எலக்ட்ரான் அலை அதே அணுக்களில் சிதறுவதும் ஒரே வகை நிகழ்ச்சி. ஆகவே எக்ஸ் கதிர் சிதறலிலிருந்து கிடைக்கும் அணு அமைப்பைக் கொண்டே உருகிய உலோகத்தின் மின்தடையைக் கணிக்கலாம். திரவ உலோகங்களின் கோட்பாட்டை 1961இல் ஜான் ஜைமன் விரிவாக எழுதியபோது, இந்தப் பார்வைதான் அதற்கு முன்னோடியாக நின்றது. எலக்ட்ரான் எந்த அலைநீள அசைவோடு உறவாடும் என்று கேட்பதுதான் இங்கே சாரம். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும், சூட்டை மின்சாரமாக்கும் வெப்பமின் ஆய்வு அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மின்னழுத்தம் முனையில் பிறப்பதில்லை

தெர்மோகப்பிளுக்குத் திரும்புவோம். இரு கம்பிகள் பற்றவைக்கப்பட்ட இடத்தில்தான் மின்னழுத்தம் பிறக்கிறது என்று பலர் நினைப்பதுண்டு. அது சரியல்ல. முனையின் வேலை இரண்டு கம்பிகளையும் இணைப்பது மட்டும். மின்னழுத்தம் பிறப்பது கம்பியின் நீளத்தில், சூடும் குளிரும் மாறும் பகுதியில். டிரையரின் சுவரைக் கடந்து கம்பி வெளியே வரும் அந்தச் சில அங்குலங்களில்தான் பெரும்பகுதி வேலை நடக்கிறது.

சூடான பக்கத்தில் எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவலாக இருக்கிறது. குளிர்ந்த பக்கத்தில் குறுகியிருக்கிறது. ஆற்றல் மிகுந்தவை குளிர் பக்கம் நோக்கிப் பரவுகின்றன. ஆற்றல் குறைந்தவை எதிர்த்திசையில் பரவுகின்றன. இரண்டும் சமமானால் மின்னழுத்தம் எழாது. உலோகத்தில் இந்த இரண்டு ஓட்டமும் ஏறக்குறைய ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன, மிஞ்சுவது சொற்பம். அதனால் நமது தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்தான் தருகிறது. குறைக்கடத்தியில் ஓட்டம் ஒரு பக்கமே சாய்வதால், பிஸ்மத் டெல்லூரைடு போன்ற பொருள் ஒரு டிகிரிக்கு 200 மைக்ரோவோல்ட் அளவுக்குத் தருகிறது. 1821இல் தாமஸ் சீபெக் கண்ட விளைவு இது. மின்னோட்டம் செலுத்தினால் ஒரு பக்கம் குளிரும் என்ற எதிர்விளைவை 1834இல் ழான் பெல்டியே கண்டார்.

இதை வைத்து மின்சாரம் தயாரிப்பதும் புதிதல்ல. மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் வானொலியை ஓட்டும் வெப்பமின் கருவிகள் சோவியத் ஒன்றியத்தில் அரை நூற்றாண்டுக்கு முன்பே புழக்கத்தில் இருந்தன. 1977இல் கிளம்பிய இரண்டு வாயேஜர் விண்கலங்களும், புளூட்டோனியத்தின் சூட்டைச் சிலிக்கான்-ஜெர்மேனியம் துண்டுகளில் மின்சாரமாக்கியே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி அனுப்பியிருக்கின்றன. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாததுதான் இதன் பலம்.

பலவீனம் எங்கே?

தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கியை ஒட்டி 150 டிகிரி சூட்டில் ஒரு வெப்பமின் பலகையைப் பொருத்துவதாகக் கணக்குப் போடுவோம். மறுபக்கத்தை மலைக்காற்று 25 டிகிரியில் வைத்திருக்கட்டும். வெப்ப இயக்கவியலின் உச்சவரம்பு ஏறத்தாழ 30 விழுக்காடு. ஆனால் நல்ல பிஸ்மத் டெல்லூரைடுப் பலகை சரியான நிலையிலும் 6 விழுக்காட்டைத் தாண்டாது. நடைமுறை இழப்புகளைக் கழித்தால் இன்னும் குறையும்.

காரணம், பொருளின் தரத்தைச் சொல்லும் ஓர் எண்ணில் இருக்கிறது. இயற்பியலாளர்கள் அதை ZT என்பார்கள். ஒரு டிகிரிக்கு எழும் மின்னழுத்தமான சீபெக் எண்ணின் வர்க்கத்தை மின்கடத்துதிறனாலும் வெப்பநிலையாலும் பெருக்கி, வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் கிடைப்பது அது. பிஸ்மத் டெல்லூரைடில் இது 1ஐ ஒட்டியிருக்கிறது. மேலே உள்ள அதே சூழலில் ZT 2.6 ஆனால் திறன் 10 விழுக்காட்டைத் தொடும்.

எண்ணை உயர்த்துவது சுலபமல்ல. எலக்ட்ரான்களைக் கூட்டினால் மின்கடத்துதிறன் ஏறும். சீபெக் எண் இறங்கும். எலக்ட்ரான்களே வெப்பத்தையும் சுமப்பதால் வெப்பக் கடத்துதிறனும் ஏறும். உலோகங்களில் இந்த இரண்டு கடத்துதிறன்களும் சேர்ந்தே நடக்கும் என்று வீடெமானும் ஃப்ரான்ஸும் 1853இலேயே கண்டார்கள். எலக்ட்ரான்களைக் குறைத்தால் மின்சாரமே ஓடாது. இடைப்பட்ட ஓர் அளவில்தான், செம்பில் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு குறைவான எலக்ட்ரான்களில்தான், உச்சம் கிடைக்கிறது. அங்கே வெப்பத்தைப் பெரும்பாலும் கடத்துபவை ஃபோனான்கள். அவை மின்சாரம் எதுவும் தராமல் சூட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டுகின்றன.

ஆகவே 1990களில் ஜார்ஜ் ஸ்லாக் ஓர் இலக்கை வகுத்தார்: எலக்ட்ரானுக்குப் படிகமாகவும் ஃபோனானுக்குக் கண்ணாடியாகவும் நடந்துகொள்ளும் பொருள் வேண்டும். எலக்ட்ரான் தடங்கலின்றி ஓட வேண்டும். ஃபோனான் அடிக்கு அடி சிதற வேண்டும். 2008இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் சிலிக்கானை மெல்லிய நானோ கம்பிகளாக்கிக் காட்டின. சொரசொரப்பான மேற்பரப்புள்ள கம்பிகளில் வெப்பக் கடத்துதிறன் நூறு மடங்கு வரை குறைந்தது. அறை வெப்பநிலையில் ZT 0.6 எட்டியது.

நீலகிரியிலிருந்து ஒரு பகல் பயணத்தில் எட்டக்கூடிய பெங்களூருவில், ஜவஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையத்தில் கனிஷ்கா பிஸ்வாஸின் குழு, வெள்ளி ஆண்டிமணி டெல்லூரைடில் ஆறு விழுக்காடு காட்மியம் சேர்த்து, 2021இல் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் ZT 2.6ஐ எட்டியது. அந்தப் பொருளில் வெள்ளியும் ஆண்டிமணியும் தாறுமாறாக இடம்பிடித்திருந்தன. அந்தக் குழப்பத்தில் எலக்ட்ரான்கள் அகப்பட்டுத் தவித்தன. காட்மியம் சேர்த்ததும் நானோமீட்டர் அளவிலான சிறு பகுதிகளில் ஒழுங்கு வந்தது. மின்னோட்டத்துக்கு வழி விரிந்தது. ஃபோனான்களுக்கோ அந்தச் சிறு பகுதிகளே தடையாயின.

இழுத்துச் செல்லும் அலைகள்

இதுவரை சொன்னதில் ஃபோனான் எதிரியாகவே வருகிறது: எலக்ட்ரானைச் சிதறடிக்கிறது, சூட்டைக் கடத்திச் செல்கிறது. கதை அத்தோடு முடியவில்லை.

எலக்ட்ரானும் ஃபோனானைச் சிதறடிக்கிறது. மோதல் என்றால் இரு தரப்புக்கும்தானே. நீண்ட காலமாக இதைச் சொற்பம் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். 2015இல் போலின் லியாவ், காங் சென் உள்ளிட்டோர் அணு அளவிலிருந்து தொடங்கிக் கணக்கிட்டபோது, எலக்ட்ரான் பற்றாக்குறையால் தோன்றும் துளைகள் மிக அடர்த்தியாக உள்ள சிலிக்கானில், அறை வெப்பநிலையில் ஃபோனான்களின் வெப்பக் கடத்துதிறன் 45 விழுக்காடு வரை குறையும் என்று தெரிந்தது. மின்சாரத்தைச் சுமப்பவையே வெப்பக் கசிவை அடைக்கவும் செய்கின்றன.

இன்னொன்று இதைவிட வியப்பானது. மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் நடந்தவர்களுக்கு இது புரியும். ஜனம் திசைக்கொன்றாக நெரிந்தால் ஓரடி வைக்க முடியாது. வாயிலைத் திறந்ததும் கூட்டம் ஒரே பக்கமாக நகர்ந்தால், நாம் நடக்காமலே நகர்த்தப்படுகிறோம். ஃபோனான்களும் அப்படித்தான். வெப்பநிலை சமமாக உள்ள பொருளில் அவை எல்லாத் திசையிலும் அலைந்து எலக்ட்ரானைத் தடுக்கின்றன. ஒரு பக்கம் சூடேற்றினால் குளிர்ந்த பக்கம் நோக்கி ஃபோனான்களின் நிகர ஓட்டம் பிறக்கிறது. வழியில் மோதும் எலக்ட்ரான்களுக்குத் தம் உந்தத்தைக் கொடுத்து அதே திசையில் இழுக்கின்றன. பரவலால் எழும் மின்னழுத்தத்தோடு இந்த இழுப்பும் சேர்கிறது.

1945இல் சோவியத் இயற்பியலாளர் குரேவிச் இதைக் கோட்பாடாகச் சொன்னார். 1953-54இல் ஜெர்மேனியத்தைக் கடுங்குளிரில் அளந்தபோது, வழக்கமான கணக்குக்கு அடங்காத பெரிய சீபெக் எண்கள் வந்தன: ஒரு டிகிரிக்கு மைக்ரோவோல்ட் அல்ல, பல மில்லிவோல்ட். கான்யர்ஸ் ஹெரிங் அதற்கு முழுமையான விளக்கம் தந்தார். ஆனால் வெப்பநிலை ஏறினால் ஃபோனான்கள் தமக்குள்ளேயே அதிகம் மோதிக்கொண்டு உந்தத்தை இழக்கும். எலக்ட்ரான்களைக் கூட்டினாலும் இழுப்பு வலுவிழக்கும். நானோ அமைப்புகளால் ஃபோனான்களைச் சிதறடித்தால் இழுப்பும் அவற்றோடு போய்விடும் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். எனவே பயனுள்ள கருவிகளில் இதற்கு இடமில்லை என்று பல பத்தாண்டுகள் ஒதுக்கிவைக்கப்பட்டது.

அலைநீளம் பார்த்துச் சலிப்பது

கிருஷ்ணன் கேட்ட வகைக் கேள்வி இங்கே மறுபடி எழுகிறது: எந்த ஃபோனான் எலக்ட்ரானை இழுக்கிறது? எது வெப்பத்தைச் சுமக்கிறது? இரண்டும் ஒன்றா?

குறைக்கடத்தியில் எலக்ட்ரான்கள் சொற்பம். அவை ஆற்றல் பட்டையின் அடிவிளிம்பை ஒட்டிய குறுகிய இடத்தில் திரள்கின்றன. அவற்றின் உந்தமும் ஒரு சிறிய வரம்புக்குள் அடங்குகிறது. மோதலின்போது உந்தம் மொத்தத்தில் மாறக் கூடாது என்பதால், அவற்றோடு பெரும்பாலும் உறவாட முடிவது உந்தம் குறைந்த, அதாவது நீண்ட அலைநீளமுள்ள ஃபோனான்கள்தான். வெப்பத்தைச் சுமப்பவற்றில் பெரும்பகுதி அவற்றைவிடக் குறுகிய அலைநீளமுள்ளவை. ஆக, இழுப்பவையும் சூட்டைக் கசியவிடுபவையும் பெருமளவு வேறு வேறு கூட்டங்கள்.

2015இல் ஜியாவெய் ஜோ, காங் சென், மில்ட்ரெட் டிரெஸ்ஸல்ஹாஸ் உள்ளிட்டோர் எலக்ட்ரான்-ஃபோனான் உறவை ஒவ்வோர் அலைநீளத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு இதை எண்களில் காட்டினார்கள். சிலிக்கானில் அறை வெப்பநிலையிலும் இழுப்புக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு. எலக்ட்ரான்கள் அடர்ந்த நிலையிலும் அது முற்றாக மறைவதில்லை. வெப்பம் சுமக்கும் ஃபோனான்களை மட்டும் தடுத்து, இழுக்கும் ஃபோனான்களை விட்டுவைக்கும் சிறந்த சல்லடை ஒன்று அமைந்தால், அறை வெப்பநிலையில் சிலிக்கானின் ZT இருபது மடங்கு உயர்ந்து 0.25ஐ எட்டும். குளிர் கூடக் கூட இந்த லாபம் இன்னும் பெருகும்.

அந்தச் சல்லடைக்கான வழியை இயற்கையே பாதி அமைத்துத் தந்திருக்கிறது. படிகத்துக்குள் இருக்கும் மிகச் சிறிய குறைகள் குறுகிய அலைகளைக் கடுமையாகச் சிதறடிக்கும். நீண்ட அலைகள் அவற்றைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். அளவறிந்து குறைகளை விதைத்தால் வடிகட்டல் நடக்கும். ஃபோனான்களை ஒட்டுமொத்தமாக ஒழிக்கப் பார்த்த பழைய வழிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. எலக்ட்ரானுக்கும் ஃபோனானுக்கும் உள்ள பிணைப்பை அறுக்க முயல்வதை விட்டு, அலைநீளம் பார்த்து எதை வைத்துக்கொள்வது, எதைத் தடுப்பது என்று பிரிப்பதுதான் இனி வேலை.

நீலகிரிக்கு இதில் என்ன?

நவம்பர் முடிந்து குளிர் இறுகும்போது ஊட்டியில் முதலில் நீர்ப்பனியும் பிறகு உறைபனியும் விழும். காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெள்ளை போர்த்திக்கொள்ளும். தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடிக் காப்பார்கள். உறைபனி பட்ட தேயிலைக் கொழுந்து கருகிவிடும். காற்றில்லாத தெளிந்த இரவில் இலையும் புல்லும் தம் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதே இதற்குக் காரணம்.

இதே குளிர்ச்சியை மின்சாரமாக்கலாம் என்று 2019இல் ஆஸ்வத் ராமன், வெய் லி, ஷான்ஹுய் ஃபேன் ஆகியோர் காட்டினார்கள். வானத்தைப் பார்க்கும் கறுப்பு பூசிய அலுமினியத் தட்டு ஒன்று; அதன் அடியில் கடையில் கிடைக்கும் வெப்பமின் பலகை; அதற்கும் கீழே இரவுக் காற்றோடு ஒட்டிய சூடான பக்கம். சில டிகிரி வேறுபாட்டிலேயே சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட் கிடைத்தது. ஒரு சிறு எல்இடி விளக்கு எரிந்தது. வீட்டுக்கு விளக்கேற்ற இது போதாது. ஆனால் ஒரு தேயிலைச் சரிவில் இலையின் வெப்பநிலையை அளந்து, உறைபனி விழப்போகிறது என்று இரவில் எச்சரிக்கும் சிறு உணர்விக்குத் தேவைப்படுவது மில்லிவாட்டுகள்தான். சூரியத் தகடு ஓய்ந்துவிடும் அதே இரவில், ஆபத்து அதிகமான அதே வேளையில், இது வேலை செய்யும்.

இத்தகைய சிறு வேறுபாடுகளில் பயன் தர வேண்டுமென்றால், அறை வெப்பநிலையிலும் அதற்குக் கீழும் நன்றாக உழைக்கும் பொருள் தேவை. இன்று அந்த இடத்தில் இருப்பது பிஸ்மத் டெல்லூரைடு. டெல்லூரியம் அரிதான தனிமம். பூமி முழுக்கப் பரப்பும் அளவுக்கு அதை நம்பியிருக்க முடியாது. சிலிக்கானோ மணலில் இருக்கிறது. ஃபோனான் இழுப்பை அலைநீளம் பார்த்து வடிகட்டிச் சிலிக்கானைப் பயனுள்ள வெப்பமின் பொருளாக்க முடியுமா என்பது, அதனால்தான், ஆய்வகத்துக்குள் மட்டும் அடங்கும் கேள்வி அல்ல. விலை குறைந்த பலகை ஒன்று கிடைத்தால், மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியும் அதைத் தன் தோட்டத்தில் நட்டுவைக்க முடியும்.